லாக்: கடலில் எறிந்த பலகையிலிருந்து விண்கலப் பதிவேடு வரை

ஆங்கிலத்தில் ‘லாக்’ என்பதற்கு முதற்பொருள் மரக்கட்டை. மாலுமிகளின் குறிப்பேட்டுக்கு அப்பெயர் வாய்த்ததும், கணினியில் நாம் ‘லாகின்’ செய்வதும் அந்தக் கட்டையிலிருந்து கிளைத்தவையே. (கணக்குப் பாடத்து ‘லாக்’ கிரேக்க வழி வந்தது, நாம் மடக்கை என்று சொல்லும் அதற்கும் இதற்கும் உறவில்லை.)

கரை மறைந்த நடுக்கடலில் கப்பலின் வேகத்தை அறிய, கால்வட்டமாக அறுத்த பலகையொன்றின் வளைந்த விளிம்பில் ஈயம் பதித்து, அது நீரில் நிமிர்ந்து நிற்குமாறு செய்து, கயிற்றில் கட்டிப் பின்புறத்திலிருந்து எறிவார்கள். இந்தக் கட்டைதான் ‘லாக்’. பலகை ஏறத்தாழ விழுந்த இடத்திலேயே நிற்க, கப்பல் முன்னேறும் வேகத்துக்கு ஏற்பக் கயிறு உருளையிலிருந்து உருவிக்கொண்டு ஓடும். 28 விநாடி மணற்கடிகை தீர்வதற்குள் கையைக் கடந்து போன முடிச்சுகளின் எண்ணிக்கையே வேகம். முடிச்சுகளுக்கிடையே 47 அடி 3 அங்குலம் விட்டிருந்தால், ஒரு முடிச்சு மணிக்கு ஒரு கடல் மைலைக் குறிக்கும். இன்றைய அளவில் அது 1852 மீட்டர். புயல் அறிவிப்புகளில் நாம் கேட்கும் ‘நாட்’ இந்தக் கயிற்று முடிச்சுதான். வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1574ஆம் ஆண்டிலேயே இக்கருவியைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அளந்த வேகத்தைச் சுண்ணக்கட்டியால் வேறொரு பலகையில் குறித்துவைத்துப் பின்னர் ஏட்டில் பெயர்த்தெழுதினார்கள். திசை, காற்று, வானிலை, நோய், சாவு என எல்லாமே அதில் ஏறியபின், கட்டையின் பெயர் ஏட்டுக்கு நிலைத்துவிட்டது.

1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ இந்த மரபை அப்படியே விண்வெளிக்குக் கொண்டுசென்றது. அதை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி, பிரிட்டிஷ் கடற்படை வீரன் ஹார்ன்புளோயரைப் பற்றிய நாவல்களை மனத்தில் வைத்தே, தொடரின் விண்கலத் தலைவனான கேப்டன் கிர்க்கை வார்த்தார். கிர்க் ‘கேப்டனின் லாக்’ என்று தொடங்கி விண்மீன் தேதியைச் சொல்லும்போது, பாய்மரக் கப்பல் தலைவனின் கடமையையே அவன் குரலால் நிறைவேற்றுகிறான். கடல் வரலாற்றில் தோய்ந்தவர்களும் இத்தொடரின் ரசிகர்களும் இணையத்தில் இவ்வளவு இயல்பாகக் கலந்து பேச முடிவதற்கு இந்தப் பொதுச்சொத்தும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். அந்த ஆர்வம் வெறும் அரட்டையோடு நின்றுவிடுவதில்லை. 2010இல் தொடங்கிய ‘ஓல்டு வெதர்’ திட்டத்தில், முதல் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் ஏடுகளை எண்ணற்ற தன்னார்வலர்கள் இணையத்தில் பக்கம் பக்கமாகப் படித்து, அவற்றிலிருந்த காற்றழுத்தத்தையும் வெப்பநிலையையும் வானிலை ஆய்வுக்காகப் பெயர்த்தெழுதினார்கள். உழைப்புக்கேற்ப அவர்களுக்குக் கேப்டன் பதவிகூடக் கிடைத்தது.

தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்? ‘நாட்குறிப்பு’ தனிமனிதருக்கு உரியதாகிவிட்டது. ‘நாளேடு’ என்றால் செய்தித்தாள். புதுச்சேரிக்குக் கப்பல் வந்த செய்திகளைக்கூட விடாமல் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் ‘தினப்படி’ அழகான சொல். ஆனால் அது கரையில் இருந்தவரின் குறிப்பு, கப்பலின் ஏடு அன்று. ‘பதிவேடு’ என்பதையே அடிப்படையாகக் கொண்டு, முன்னால் ‘கலம்’ சேர்ப்பது பொருத்தம். முசிறிக்கு வந்த யவனர் கப்பலை அகநானூறு ‘நன்கலம்’ என்கிறது. நாமோ விண்ணில் செல்வதையும் விண்கலம் என்கிறோம். கடலுக்கும் விண்ணுக்கும் ஒரே சொல் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது. ‘கலப்பதிவேடு’ என்று சேர்த்தெழுதினால் ‘கலப்பு’ என்று கண் தடுமாறக்கூடும் என்பதால், இடத்துக்கேற்ப மரக்கலப் பதிவேடு, விண்கலப் பதிவேடு என்று விரித்து எழுதுவது நல்லது. ‘லாகின்’ என்பதற்கு இணையத் தமிழர் ஆக்கிய ‘புகுபதிகை’யும் பதிதல் என்ற வேரிலேயே நிற்பதால், அதை மாற்றத் தேவையில்லை.