விரதமா, நோன்பா, உபவாசமா?

"நாளைக்கு ஏகாதசி, நான் விரதம்" என்று ஒருவர் சொன்னதும் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? "என்னென்ன சாப்பிடலாம்?" பால் சரியா, ஜவ்வரிசி கணக்கில் வருமா, காபி குடித்தால் விரதம் கெட்டுவிடுமா என்று பேச்சு முழுக்கத் தட்டைச் சுற்றியே ஓடும். செல்போனில் திதி பார்த்து, நினைவூட்டல் வைத்து, பாட்டி காலத்து ஏகாதசியையும் சஷ்டியையும் பிரதோஷத்தையும் மறுபடி கையில் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் விரதம் என்ற சொல்லுக்குள் சாப்பாடு இல்லை. நோன்பு என்ற சொல்லுக்குள்ளும் இல்லை.

முதலில் விரதம். வடமொழியில் 'வ்ரத'. ரிக் வேதத்தில் இதற்குக் கட்டளை, மீறக்கூடாத ஒழுங்கு என்று பொருள். வருணனுக்கு 'த்ருதவ்ரத' என்று ஓர் அடைமொழி உண்டு, ஒழுங்கைத் தாங்கி நிற்பவன் என்று அர்த்தம். அவன் பட்டினி கிடந்ததாக யாரும் சொல்லவில்லை. அப்புறம்தான் மனிதன் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் கட்டளைக்கும் இந்தச் சொல் வந்தது.

வேள்விச் சடங்குகளை விளக்கும் வேத நூலான சதபத பிராமணம் தொடங்குவதே விரதத்தில்தான். வேள்வி செய்யப்போகிறவன் தண்ணீரைத் தொட்டுவிட்டு, அக்னியைப் பார்த்து "விரதங்களின் தலைவனே, நான் விரதம் மேற்கொள்கிறேன்" என்கிறான். அதற்கு இன்னொரு வாசகமும் அங்கேயே இருக்கிறது: "பொய்யிலிருந்து மெய்க்குப் போகிறேன்." ஆக, விரதம் என்றால் உண்மையே பேசுவது. சாப்பிடலாமா கூடாதா என்ற விவாதம் அதற்குப் பிறகு வருகிறது, அது வெகு சுவாரசியமான விவாதம். மறுநாள் வேள்வி என்று மனதில் நினைத்த உடனேயே தேவர்கள் அவன் வீட்டுக்கு வந்து அருகில் தங்கிவிடுகிறார்களாம். விருந்தாளி சாப்பிடுவதற்கு முன் வீட்டுக்காரன் சாப்பிடலாமா? அதனால்தான் உண்ணாமல் இருக்கிறான். 'உப' என்றால் அருகே, 'வாசம்' என்றால் தங்குதல். உபவாசம் என்ற சொல்லின் கதை இது. பௌத்தர்கள் நோன்பிருக்கும் உபோசத நாளும் இதே சொல்லின் வழியில் வந்ததுதான்.

அதே நூலில் வரும் யாக்ஞவல்கிய முனிவர் இதோடு விடவில்லை. உண்ணாவிட்டால் அது பிதிர்களுக்குரிய காரியமாகிவிடும், உண்டாலோ தேவர்களுக்கு முன்னால் உண்டதாகிவிடும். எனவே உண்டாலும் உண்டதாகக் கணக்கில் வராததை உண் என்கிறார். காட்டில் விளைவது, மரத்துப் பழம், இப்படி. உடனே இன்னொருவர், "எனக்கு உளுந்து சமையுங்கள், அதைத்தான் வேள்வியில் இடுவதில்லையே" என்று ஒரு குறுக்கு வழி கண்டுபிடிக்கிறார். நூல் அதை ஏற்கவில்லை. காபி சரியா என்று கேட்கிறவருக்கு நல்ல மூதாதை! பழ உணவைக் குறிக்கும் 'பலாஹாரம்' தமிழில் பலகாரமாகி, கடைசியில் எண்ணெய்ச் சட்டிக்குள் போய்ச் சேர்ந்ததும் இந்தக் குறுக்கு வழியின் தொடர்ச்சி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, நோன்பு. இதன் வேர் 'நோல்'. நோற்கிறேன், நோற்றேன், நோன்றல் எல்லாம் இதிலிருந்து வருபவை. பொருள்: பொறுத்தல், தாங்குதல். அதே குடும்பத்தில் நோன்மை என்று ஒரு சொல் இருக்கிறது, அதற்குப் பொறுமை என்றும் பொருள், வலிமை என்றும் பொருள். திருமுருகாற்றுப்படை முருகனின் திருவடியை 'மதனுடை நோன்றாள்' என்கிறது, வலிய தாள் என்று. தாங்குகிறவன் பலவீனன் இல்லை என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

தவத்துக்கு வள்ளுவர் கொடுக்கும் வடிவமும் இதே சொல்லில்தான்: 'உற்றநோய் நோன்றல் உயிர்க்குறுகண் செய்யாமை'. தனக்கு வந்ததைத் தாங்கிக்கொள், பிற உயிருக்கு எதையும் செய்துவிடாதே. இதைவிடக் கறாரான குறள் ஒன்று பொறையுடைமையில் இருக்கிறது:

உண்ணாது நோற்பார் பெரியர் பிறர்சொல்லும்
இன்னாச்சொல் நோற்பாரின் பின்.

உண்ணாமல் நோற்பவர் பெரியவர்தான், ஆனால் அடுத்தவர் சொல்லும் கடுஞ்சொல்லைப் பொறுப்பவருக்கு அடுத்தபடியாகத்தான் என்கிறார். இரண்டுக்கும் 'நோற்பார்' என்ற ஒரே சொல்லைப் போட்டிருப்பதைக் கவனியுங்கள். சஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி கிடந்து, ஏழாம் நாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுக்கிறவருக்கு இந்தக் கணக்கில் என்ன மதிப்பெண் என்று நான் சொல்லத் தேவையில்லை.

திருப்பாவையின் இரண்டாம் பாசுரம் நோன்பின் விதிமுறைகளை அடுக்குகிறது. அதில் சாப்பாடு எவ்வளவு என்று பாருங்கள்: நெய்யுண்ணோம், பாலுண்ணோம். முடிந்தது. விடியலில் குளிப்பது, மை தீட்டாமல் இருப்பது, பூச்சூடாமல் இருப்பது, பெரியவர்கள் செய்யாததைச் செய்யாமல் இருப்பது, பிறர்க்குக் கொடுப்பது என்று மீதியெல்லாம் வேறு. நடுவில் 'தீக்குறளை சென்றோதோம்' என்று ஒன்று வருகிறது. குறளை என்றால் கோள். போய்க் கோள் சொல்ல மாட்டோம். மார்கழியில் கோலமும் பாசுரமும் பதிவேற்றுகிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் முப்பது நாள் கடைப்பிடித்துப் பார்க்கலாம், நெய்யை விடுவதைவிட இது கஷ்டம்.

நோன்பை முடித்துச் சாப்பிடுவதைத் தமிழ்க் கவிஞர்கள் கூச்சமில்லாமல் கொண்டாடியிருக்கிறார்கள். நற்றிணை 22-ல் ஒரு குரங்கு தினைக்கதிரைப் பறித்துக்கொண்டு போய், உள்ளங்கையில் கசக்கி, கன்னம் புடைக்க வாயில் அடைத்துக்கொண்டு, மழையில் நனைந்த முதுகோடு உட்கார்ந்திருக்கிறது. தை மாதத்தில் நோன்பிருந்தவர்கள் நீராடிவிட்டு உண்ண உட்கார்ந்தது போல இருக்கிறதாம். ஆண்டாளும் 27-ஆம் பாசுரத்தில், பாலுண்ணோம் நெய்யுண்ணோம் என்றதற்கெல்லாம் சேர்த்து, முழங்கை வழிய நெய் வார்த்த பாற்சோற்றைக் கேட்டுவிடுகிறாள். கொங்குப் பக்கம் திருவிழாவுக்கே 'நோம்பி' என்று பெயர் வந்துவிட்டது.

இப்போது பரவலாகியிருக்கிற 16 மணி நேர இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்கையும் சிலர் விரதம் என்கிறார்கள், "நம் முன்னோர் அன்றே சொன்னது" என்று ஒட்டும் போடுகிறார்கள். உடம்புக்காகச் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்னோர் தனியாகவே ஒரு சொல் வைத்திருந்தார்கள்: லங்கணம், தமிழ் வழக்கில் இலங்கணம். உடலை லேசாக்குவது எதுவோ அது லங்கணம் என்கிறது ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை. பத்து வகை சொல்லி, அதில் உபவாசத்தோடு உடற்பயிற்சியையும் வெயிலையும் காற்றையும்கூடச் சேர்க்கிறது. எடை குறைக்கிறவர் தாராளமாக லங்கணம் இருக்கலாம். நோன்பு வேறு கணக்கு. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் (2.59) ஒரு நுட்பமான இடம் உண்டு: உண்ணாதவனை விட்டுப் புலன்கள் நாடும் விஷயங்கள் விலகிப் போகும், 'ரசவர்ஜம்', அதாவது அவற்றின்மேல் உள்ள ருசி மட்டும் போகாது. விரத நாளன்று பிரியாணி வீடியோவாகத் தள்ளிக்கொண்டிருக்கிற விரலுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடையாது.

இனி தமிழில் எதை எப்படிச் சொல்வது என்று பார்த்துவிடலாம். விரதத்துக்கு நோன்பு. விரதம் அனுஷ்டிப்பதற்கு நோன்பு நோற்பது. காரடையான் நோன்பில் பெண்கள் 'உருகாத வெண்ணெயும் ஓரடையும்' வைத்து நோற்றேன் என்று சொல்வதில் அந்த வினை இன்னும் உயிரோடு இருக்கிறது. நோன்பு இருப்பது என்றாலும் பிழையில்லை. உபவாசத்துக்கு உண்ணாநோன்பு, மௌன விரதத்துக்குப் பேசாநோன்பு. குறுந்தொகை 156-ல் விரத உணவைப் 'படிவ உண்டி' என்று சொல்லியிருக்கிறது, பழைய சொல், அழகான சொல், ஆனால் இன்று படிவம் என்றால் பூர்த்தி செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் ஞாபகம் வரும் என்பதால் அதை விட்டுவிடலாம். நோன்பு என்றால் ரம்ஜான் நோன்பு ஆயிற்றே என்று தயங்குகிறவர்கள் உண்டு. தயங்க வேண்டாம், சங்ககாலத்துச் சொல் அது, தமிழ் முஸ்லிம்கள் அதைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். விரதம் முடித்து உண்ணும் பாரணைக்கும் அவர்களிடமிருந்தே ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொள்ளலாம்: நோன்பு திறத்தல்.