நிலையம் எங்கே முடிகிறது?

நகர வடிவமைப்பாளராகப் பணியாற்றும் எனக்கு ரயில் நிலைய வரைபடம் ஒன்று வந்து சேரும்போது முதலில் கண்ணில் படுவது, அதைச் சுற்றிப் போடப்பட்டிருக்கும் எல்லைக்கோடுதான். கோட்டுக்கு உள்ளே நடைமேடை, படிக்கட்டு, மின்தூக்கி, கழிப்பறை என எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். வெளியே பெரும்பாலும் வெறும் தாள். பயணியின் கண்ணுக்கு அந்தக் கோடு தெரிவதே இல்லை.

சேலத்தில் ஒரு நிலையத்துக்கு வெளியே கள ஆய்வு செய்த காலையில், கையில் ஒயர் கூடையுடன் மருத்துவமனைக்குப் புறப்பட்ட ஒரு மூதாட்டியோடு, அவரிடம் சொல்லிவிட்டு, உடன் நடந்தேன். நடைபாதை இருந்தது. ஆனால் அதன் விளிம்பு ஏறக்குறைய முழங்கால் உயரம். சிறிது தூரத்தில் மின்பெட்டி ஒன்று வழியை அடைத்து நின்றது. அடுத்து ஒரு கடையின் சாய்தளம். மூன்றாவது முறை இறங்க வேண்டி வந்தபோது, "ஏறி ஏறி எறங்கறதுக்கு ரோட்லயே போயிக்கலாம் கண்ணு" என்று சொல்லிவிட்டு ஆட்டோக்களுக்கு நடுவே நடக்கத் தொடங்கினார். நடைபாதை விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேரவையின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த இரண்டு அளவுகள் காக்கப்பட்டிருந்தால் அவர் சாலையில் இறங்கியிருக்க மாட்டார்.

நம் சேலத்தில் மெட்ரோ ஓடவில்லை. ஆயினும் விருத்தாசலம் பாதையில் ஊருக்குள்ளேயே டவுன், மார்க்கெட் என்று நிலையங்கள் இருப்பதால், சுரங்க ரயில் நிலையங்களிலிருந்து நாம் கற்க வேண்டியவை உண்டு. சென்னையில் 2017 மே மாதம் முதல் சுரங்கப் பாதையில் மெட்ரோ ஓடுகிறது. மழைநீர் உள்ளே இறங்காமலிருக்க, அத்தகைய நிலையங்களின் வாசல் சாலை மட்டத்தைவிட உயர்த்திக் கட்டப்படுகிறது. சேர்வராயன் மலையில் பெய்யும் மழை திருமணிமுத்தாற்றின் வழியே நகருக்குள் வந்து சேரும் சேலத்தில், தரைக்குக் கீழே எதைக் கட்டினாலும் இந்த உயர்வு தவிர்க்க முடியாதது. ஆனால் வாசலை 90 சென்டிமீட்டர் உயர்த்தினால், 1:12 சரிவில், அதாவது ஒரு மீட்டர் உயர 12 மீட்டர் நீளம் என்ற கணக்கில், ஏறும் சாய்தளத்துக்கு 10.8 மீட்டர் நீளம் தேவை. இடையில் நின்று இளைப்பாறும் சமதளத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். அந்த இடத்தை முதல் வரைபடத்திலேயே ஒதுக்காவிட்டால், பின்னர் நடைபாதையை வெட்டித்தான் பெற வேண்டியிருக்கும். அல்லது சக்கர நாற்காலியில் வருபவர் பின்வாசலைத் தேடிச் சுற்ற வேண்டியிருக்கும். இரண்டையும் நான் கண்டிருக்கிறேன்.

சாலையின் ஒரு பக்கம் மட்டும் வாசல் வைப்பதும் இத்தகைய பிழையே. எதிர்ப்பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து வருவோர் ஒவ்வொரு நாளும் போக்குவரத்தைக் கடந்தாக வேண்டும். வாசலருகே பூ விற்பவர்களை அகற்றிவிட்டால் இடம் சுத்தமாகும் என்று கருதுவோர் உண்டு. இரவு ஒன்பது மணிக்குத் தனியாக இறங்கி வரும் ஒரு பெண்ணுக்கு அந்த விளக்கு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் எவ்வளவு பெரிய துணை என்பதை அவரிடமே கேட்டுப் பார்க்கலாம். பூ விற்பவர்களுக்கும் வரைபடத்தில் இடம் குறிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

மெட்ரோவுக்கான 2017ஆம் ஆண்டுத் தேசியக் கொள்கை, நிலையத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரையிலான இணைப்பு வசதிகளைத் திட்டத்தோடு சேர்த்தே சிந்திக்கச் சொல்கிறது. நடைமுறையிலோ நிலையம் ரயில்வேக்கும், சாலை நெடுஞ்சாலைத் துறைக்கும், வடிகால் மாநகராட்சிக்கும், ஆட்டோ நிறுத்தம் காவல் துறைக்கும் உரியதாகப் பிரிந்துவிடுவதால், மூதாட்டி நடந்த அந்தச் சில நூறு மீட்டருக்கு யாரும் முழுப் பொறுப்பாளர் இல்லை.

உங்கள் வட்டாரத்தில் நிலையமோ சுரங்க நடைபாதையோ புதுப்பிக்கப்படுவதாகத் தெரிந்தால், பகுதி சபைக் கூட்டத்தில் வரைபடத்தைக் கேளுங்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே 500 மீட்டர் வரை அது காட்டுகிறதா, அதில் சாய்தளம் எங்கே தொடங்குகிறது, பேருந்து எங்கே நிற்கும், மழைநீர் எந்த வடிகாலில் சேரும் என்று ஒவ்வொன்றையும் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.