அலமாரியை விட்டு இறங்காத பூனை

"சண்டையே இல்லை டாக்டர், நல்லாப் பழகிடுச்சு. இது பாட்டுக்கு அலமாரி மேல இருக்கும், குட்டி பாட்டுக்குக் கீழ விளையாடும்" என்றார் பூனையைக் கொண்டுவந்தவர். 10 வயது ஆண் பூனை. வீட்டுக்கு நாய்க்குட்டி வந்து 5 நாள் ஆகியிருந்தது. பூனையின் அடிவயிற்றில் கை வைத்ததும் சிறுநீர்ப்பை கெட்டிப் பந்து மாதிரி தட்டுப்பட்டது. முந்தின நாளிலிருந்து ஒரு சொட்டுச் சிறுநீர்கூடப் போகவில்லை. மயக்க மருந்து கொடுத்து, குழாய் செருகி எடுத்தோம். பிழைத்துக்கொண்டது. அப்புறம் விசாரித்ததில்தான் தெரிந்தது, பூனையின் மணல் தட்டு இருந்த மூலைக்குப் பக்கத்திலேயே குட்டிக்குப் படுக்கை போட்டிருந்தார்கள்.

பயமும் பதற்றமும் பூனையின் சிறுநீர்ப்பையில் அழற்சியாக வெளிப்படுவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. ஆண் பூனைக்குச் சிறுநீர்த்தாரை மிகக் குறுகல். அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, ஒன்றும் வரவில்லை என்றால் மலச்சிக்கலாக இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். நடுராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பாட்டைத் தொடவில்லை என்றாலும் காட்டிவிடுவது நல்லது. குறிப்பாகக் குண்டுப் பூனைகள் சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து படுத்துவிடும்.

சீறுகிற பூனையைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. "இதுக்கு மேல வராதே" என்று அது வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. அதற்காகப் பூனையைத் திட்ட வேண்டாம். சத்தமில்லாமல் உயரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, சாப்பிடவும் மணலுக்குப் போகவும் ஆள் அசந்த நேரம் பார்த்து இறங்குகிற பூனைதான் கவலைக்குரியது.

அந்த உயரமும் வயதான பூனைக்கு எளிதில்லை. 12 வயதைத் தாண்டிய பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு எக்ஸ்ரே எடுத்தால் மூட்டுத் தேய்மானம் தெரியும். 3 வயதில் ஒரே தாவலில் ஏறிய இடத்துக்கு இப்போது நடுவில் ஒரு முக்காலி வேண்டும். அதனால் குட்டியைக் கொண்டுவரும் முன்பே சாப்பாடு, தண்ணீர், மணல் தட்டு மூன்றையும் குட்டி நுழைய முடியாத அறைக்கு மாற்றிவிடுங்கள். அந்த அறையில் முதல் சில நாள் பூனை தனியாகவே இருக்கட்டும். குட்டியின் படுக்கைத் துணியைப் பூனையிடமும், பூனையின் கன்னத்தில் தேய்த்த துணியைக் குட்டியிடமும் வையுங்கள். முகம் பார்க்கும் முன் வாசனை பழகட்டும்.

முதல் சந்திப்புக்கு முன் குட்டியை நன்றாக விளையாட விட்டுக் களைப்பாக்கி, கயிற்றில் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். பூனையைப் பார்த்துவிட்டு அது உங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு ட்ரீட். 5 நிமிடம் போதும். நாய்க்கு வால் ஆடினால் பெரும்பாலும் உற்சாகம்; பூனை வாலைப் பட்பட்டென்று அடித்தால் எரிச்சல். குட்டிக்கு இந்த வித்தியாசம் தெரியாது, நமக்குத் தெரிய வேண்டும். தயவுசெய்து பூனையைத் தூக்கிக்கொண்டுபோய் "பாரு, உன் தம்பி" என்று காட்டாதீர்கள். அப்படிக் காட்டப்போய்க் கண்ணில் நகம் பட்ட குட்டிகளுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன், அதிலும் பக் மாதிரிக் கண் பிதுங்கிய இனங்களுக்கு.

இன்னொன்று, யாரும் கேட்காமலே நான் சொல்லிவிடுவது. நாயின் கழுத்தில் விடுகிற உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாது. பூனையின் கல்லீரலால் அதைச் சரிவர முறிக்க முடியாது. நடுக்கம், வலிப்பு என்று போய் இறந்தும்விடலாம். அந்த மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. குட்டிக்குப் போட்டாலும் பூனை உரசிப் படுத்தால், நக்கினால் ஆபத்துதான். இரண்டும் இருக்கிற வீடு என்று சொல்லியே மருந்து வாங்குங்கள்.

சரி, அந்த 10 வயதுக்காரர் கதைக்கு வருவோம். மணல் தட்டு படுக்கையறைக்குப் போனது. வாசலில் ஒரு தடுப்பு, பூனை ஏறித் தாண்ட இரண்டு பக்கமும் முக்காலி. ஒன்றரை மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது வீடியோ காட்டினார்கள். பூனை சோபாவின் முதுகில் படுத்திருக்கிறது. குட்டி மூக்கை நீட்டிக்கொண்டு கிட்டே வருகிறது. நகத்தை வெளியே எடுக்காமல் மூக்கில் ஒரே ஒரு தட்டு. குட்டி கீழே உட்கார்ந்துகொள்ள, பூனை கண்ணை மூடிக்கொள்கிறது.