ரிவர் கால்: கடைசிச் சீட்டில் ஈடுகட்டுவது

டெக்சஸ் ஹோல்டெம் போக்கரில் மேசை நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள் விழும். முதல் மூன்றும் ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். ரிவர் விழுந்த பிறகு எதிராளி வைத்த பணத்துக்குச் சமமாக வைத்து, அவர் சீட்டைத் திறக்கச் செய்வதுதான் ரிவர் கால் (river call).

ரிவர் என்ற பெயருக்கு மிசிசிப்பி நீராவிக் கப்பல்களைக் காரணம் காட்டுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் போக்கர் அந்தக் கப்பல்களில் ஏறிப் பரவியது உண்மை. கடைசிச் சீட்டில் ஏமாற்றியவனை ஆற்றில் வீசினார்கள் என்பதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும் கதை. ஹோல்டெம் பிறந்த ஊர் என்று டெக்சஸ் சட்டமன்றம் 2007இல் அறிவித்த ராப்ஸ்டவுனோ மிசிசிப்பிக்கு வெகு தொலைவு.

‘கால்’ என்பது சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பது. தமிழில் இதை என்ன சொல்வது? ‘அழைப்பு’ என்றால் கல்யாணப் பத்திரிகைதான் நினைவுக்கு வரும். ‘கேட்பு’ என்றால் துரும்பு ஆட்டங்களில் ஏலம் கேட்பதோடு குழம்பும். மூணு சீட்டின் ‘ஷோ’ நெருங்கி வருகிறது, ஆனால் இருவர் மிஞ்சினால்தான் அது செல்லும். சமமாக வைப்பதுதான் வேலை என்பதால் ‘ஈடு’ என்பதே என் தேர்வு: கடைசிச் சீட்டு ஈடு.

இதில் முதலில் ஆடுபவர் பாடுதான் திண்டாட்டம். மேசையில் ஆட்டின் 10, ஆட்டின் 7, கிளாவர் 4, இஸ்பேட் 2, கடைசியாக டைமன் ராஜா. உங்கள் கையில் ஏஸும் 10ம், அதாவது மேசையின் 10ஓடு சேர்ந்து 10 ஜோடி. நடுவில் 1,000 ரூபாய். நீங்கள் பணம் வைக்காமல் செக் சொல்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டு எதிராளி 500 வைக்கிறார். 500 போட்டால் 1,500 கிடைக்கும். நான்கில் ஒரு தடவை ஜெயித்தாலே கணக்கு நேராகிவிடும். இனி வரச் சீட்டில்லை. அவரிடம் உங்கள் ஜோடியை வெல்லும் ராஜா இருக்கிறதா, ஆட்டின் ஃப்ளஷுக்கு (ஐந்தும் ஆட்டின் சீட்டு) காத்திருந்து கிடைக்காமல் புளுகுகிறாரா என்பதுதான் கேள்வி. உங்கள் ஏஸ் ஆட்டினாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்: அவர் காத்திருந்திருக்கக்கூடிய சீட்டு உங்கள் கையில் இருக்கிறது, புளுகுக்கான வாய்ப்பு அந்த அளவுக்குக் குறைவு.

இருவர் மட்டும் என்றால் ஈடுகட்டியதும் ஆட்டம் முடிந்தது. உங்களுக்குப் பின்னால் இன்னொருவர் பாக்கி இருந்தால் அப்படியில்லை. அவர் தொகையை ஏற்றிவிட்டால் போட்ட 500ஐ விட்டு எழ வேண்டியிருக்கும். அதனால் அங்கே இதே ஏஸ்-10ஐப் பெரும்பாலும் மடக்கிவிடுவதே நல்லது.