கண்காணி: கண்ணும் வாயும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு சிறு அலுவலகத்தின் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். 1999இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளிவந்து பிறகு நாகியோஸ் ஆன மென்பொருள்தான் அங்கே ஓடுகிறது. ஒவ்வொரு கருவியும் பதில் சொல்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சொல்வது அதன் வேலை. அதன் அமைவுகளைத் தமிழில் குறித்து வைக்க உட்கார்ந்தேன். 'மானிட்டரிங்' என்பதற்குக் 'கண்காணிப்பு' என்று எழுதியதைப் பார்த்த அம்மா, "கங்காணி வேலையாய்யா இது?" என்றார்.

அம்மா கேட்டது சரிதான். இரண்டும் ஒரே சொல். கண்ணால் காண்பவர் கண்காணி. "கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார்" என்று திருமூலர் பாடும்போது, எங்கும் கலந்து நின்று பார்க்கும் இறைவனே கண்காணி. அதே சொல் பேச்சில் கங்காணியாகி, ஊரிலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வந்து, பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கில், பேர் கூப்பிட்டு, வேலை வாங்கியவரின் பெயராயிற்று. வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தனிக்காசு உண்டு. 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடைசெய்ததும் அந்த ஆள்சேர்ப்பு நின்றது. சொல்லின் கசப்பு மட்டும் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலேயே தங்கிவிட்டது.

அப்புறம் 'மானிட்டர்'. அதன் வேர் லத்தீனில் 'மொனேரே': எச்சரித்தல், நினைவூட்டல். வகுப்பில் சத்தம் போடாதே என்று சொல்லும் மாணவனுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். நம் பழைய பள்ளிகளில் அவன் சட்டாம்பிள்ளை. ஆங்கிலச் சொல்லுக்குள் வாய் இருக்கிறது, நம் சொல்லுக்குள் கண் இருக்கிறது.

மென்பொருளுக்கு இரண்டுமே வேண்டும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்பது சோதனை இடைவெளி. பதில் வராவிட்டால் அது உடனே கத்தாது. மறுசோதனை இடைவெளிப்படி திரும்பத் திரும்பக் கேட்கும். சோதனை எண்ணிக்கையின் உச்சம் தொட்ட பிறகே எச்சரிக்கை போகும். நான் 5, 1, 3 என்று வைத்திருக்கிறேன்: ஐந்து நிமிடத்துக்கு ஒரு பார்வை, பதில் இல்லையென்றால் ஒரு நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு முறை, ஆக மூன்று. உச்சத்தை 1 என்று வைத்தால், மாலை இடிமழையில் இணைப்பு ஒரு கணம் அறுந்தாலே கைப்பேசி அலறும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'பேரன்ட்ஸ்' என்ற அமைவு. எந்தக் கருவி எதன் வழியாக இணைந்திருக்கிறது என்று அதில் சொல்லிவிடலாம். நடுவில் இருக்கும் ரௌட்டர் விழுந்தால், அதற்குப் பின்னால் உள்ள கணினிகளை 'விழுந்தது' என்று மென்பொருள் குறிக்காது; 'எட்டவில்லை' என்றே குறிக்கும். இதை விளக்கியபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆற்றில் வெள்ளம் வந்து பாலம் மூழ்கிய நாளில் வர முடியாதவர்களுக்கும் பெரட்டில் பேர் விழவில்லை, அன்றைய சம்பளமும் போயிற்று என்றார்.

'மேற்பார்வை' என்று மாற்றச் சிலர் சொன்னார்கள். அது மேலே நிற்பவரின் சொல். நான் 'கண்காணிப்பு' என்றே விட்டிருக்கிறேன். செய்தி அனுப்பும் பகுதிக்கு மட்டும் 'எச்சரிக்கை'. 'எட்டவில்லை' என்ற சொல் அம்மா தேர்ந்தெடுத்தது.