ஒரு புள்ளி ஆறு புள்ளியாகும் கணக்கு

டிவிடி தட்டில் பதிந்திருக்கும் ஒரு படத்தில் குறுக்கே 720 புள்ளிகள், மேலிருந்து கீழாக 480 வரிகள். பெருக்கினால் 3,45,600 புள்ளிகள். முழு எச்டி திரையில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் மீதமே இல்லாமல் ஆறு வரும். இந்தியாவும் ஐரோப்பாவும் பின்பற்றிய ‘பால்’ (PAL) என்ற டிவி முறையில் 576 வரிகளோடு பதிந்த தட்டென்றால் மிகச் சரியாக ஐந்து. படம் திரை முழுவதையும் நிறைக்கும்போது ஆறு புள்ளிக்கு ஒரு புள்ளி அளவுதான் தட்டில் தகவல் இருக்கிறது. மீதி ஐந்தும் கணக்குப் போட்டு நிரப்பியவை. இந்த நிரப்பும் வேலைக்குத்தான் அப்ஸ்கேலிங் என்று பெயர்.

டிவிடி பிளேயர் பெட்டியின் மேல் ‘1080பி அப்ஸ்கேலிங்’ என்று பெரிய எழுத்தில் பார்த்ததும், பழைய தட்டு எச்டி படமாகிவிடும் என்று நம்பி வாங்குகிறவர்கள் பலர். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? தட்டில் பதியாத முடிக்கற்றையை எந்தப் பிளேயராலும் மீட்டுத் தர முடியாது. அதற்காக இது வெறும் விளம்பரச் சொல் என்று தள்ளிவிடவும் கூடாது. ஒரே தட்டை ஒரே டிவியில் இரண்டு பிளேயர்களில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் சாய்ந்த கோடுகள் எல்லாம் படிக்கட்டாக உடைந்தன. மற்றதில் மை போட்டு இழுத்ததுபோல் நின்றன. அந்த வேறுபாடு எங்கே பிறக்கிறது என்று புரிந்துகொண்டால் வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் ஓர் அடிப்படை. எச்டி டிவியில் டிவிடி போட்டால் அப்ஸ்கேலிங் நடந்தே தீரும். பழைய பிக்சர் டியூப் டிவியில் எலக்ட்ரான் கற்றை திரையின் குறுக்கே வரி வரியாக ஓடும். சிக்னலில் எத்தனை வரி உண்டோ அத்தனையை அது வரையும். கற்றை விழும் இடமும் ஓரம் கரைந்த சிறு வட்டமாக இருந்ததால் அடுத்தடுத்த வரிகள் லேசாக ஒன்றில் ஒன்று கலந்தன. டிவிடி அந்தத் திரைக்காகவே பிறந்தது. எல்சிடி, பிளாஸ்மா, ஓஎல்இடி திரைகளில் புள்ளிகளின் எண்ணிக்கை தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. 480 வரியை அனுப்பினால் டிவியே அதை இழுத்து 1080 ஆக்கியாக வேண்டும். இல்லையென்றால் படம் திரையின் நடுவில் சின்னதாக நிற்கும். ஆகவே அப்ஸ்கேலிங் பிளேயர் வாங்குவது என்றால், டிவி ஏற்கெனவே செய்யும் ஒரு வேலையைப் பிளேயர் கையில் கொடுப்பது என்று பொருள். அந்த வேலையை இருவரில் யார் நன்றாகச் செய்கிறார்கள் என்பதை மட்டுமே பார்க்க வேண்டும்.

வேலை என்று ஒருமையில் சொன்னேன். உண்மையில் அது இரண்டு வேலை. விளம்பரத்தில் வருவது பெரிதாக்கும் வேலை. அதற்கு முன்னால் இன்னொன்று நடக்கிறது. படத்தின் தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த முதல் வேலைதான்.

டிவிடி பிளேயர் அந்தக் காலத்து டிவிக்குத் தரும் சிக்னலில் படம் முழுதாக வராது. முதலில் ஒற்றைப்படை வரிகள் 240, அடுத்து இரட்டைப்படை வரிகள் 240. இந்த அரைப்படங்களை ஃபீல்டு என்பார்கள். 480 வரித் தட்டுகளுக்கு உரிய, அமெரிக்காவில் வழங்கிய என்டிஎஸ்சி என்ற டிவி முறையில் விநாடிக்கு ஏறத்தாழ 60 ஃபீல்டு, பால் முறையில் 50. இப்படி வரிகளைப் பின்னி அனுப்புவது இன்டர்லேசிங். தட்டைத் திரைக்கு இது ஒத்துவராது, அதற்கு முழுப்படம் வேண்டும். அரைப்படங்களிலிருந்து முழுப்படத்தைக் கட்டுவதுதான் டீஇன்டர்லேசிங்.

இரண்டு பாதிகளை ஒட்டினால் போதாதா? பிலிமில் எடுத்த சினிமாவுக்குப் போதும். சினிமா விநாடிக்கு 24 படங்கள். அதை 60 ஃபீல்டாக மாற்ற, ஒரு படத்தை மூன்று ஃபீல்டாகவும் அடுத்த படத்தை இரண்டு ஃபீல்டாகவும் மாற்றி மாற்றி நீட்டுகிறார்கள். பன்னிரண்டு மூன்றுகள் 36, பன்னிரண்டு இரண்டுகள் 24, கூட்டினால் 60. எந்த ஃபீல்டு எந்தப் படத்தின் பாதி என்று பிளேயர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால், இரண்டையும் ஒட்டியதும் மூலப் படம் அப்படியே கிடைக்கும். இதில் ஊகமே கிடையாது. இழந்தது ஒன்றுமில்லை.

தவறாக ஜோடி சேர்த்தால்தான் வினை. ஓடும் குதிரையின் முன்னங்கால் ஒரு வரியில் ஓரிடத்திலும் அடுத்த வரியில் சற்றுத் தள்ளியும் நிற்கும். ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகக் கிழியும். இதைத் தவிர்க்க, எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கிப் பதிந்த டிவிடியின் தரவிலேயே ‘இது முழுப்படம்’, ‘இந்த ஃபீல்டைத் திரும்பக் காட்டு’ என்று சிறு குறிப்புகள் பதிந்திருக்கும். சாதாரணப் பிளேயர் அந்தக் குறிப்பை மட்டும் நம்பும். தட்டைத் தயாரித்தவர்கள் குறிப்பைத் தவறாகப் பதித்திருந்தால், அல்லது எடிட்டிங்கில் வெட்டி ஒட்டிய இடத்தில் மூன்று இரண்டு என்ற தாளம் தப்பியிருந்தால், படம் சில நொடிகள் சிதறும். நல்ல பிளேயர் குறிப்பைப் பார்ப்பதோடு நிற்காமல் ஃபீல்டுகளையே ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தாளத்தைக் கண்டுபிடிக்கும். ஐந்து ஃபீல்டுக்கு ஒரு முறை ஒரே ஃபீல்டு திரும்ப வருவதுதான் அதற்குக் கிடைக்கும் துப்பு.

பால் தட்டுகளில் அந்தத் துப்பும் கிடையாது. அங்கே 24 படத்தை 25 ஆக வேகப்படுத்தி, ஒரு படத்துக்கு இரண்டு ஃபீல்டு என்று பதிக்கிறார்கள். இரண்டு மணி நேரப் படம் 115 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலும் இசையும் ஏறத்தாழ அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறும், சுருதியைத் தனியாகத் திருத்தியிருந்தால் தவிர. எந்த ஃபீல்டும் திரும்ப வராததால் சில சிப்கள் இந்தத் தாளத்தைப் பிடிக்க முடியாமல் திணறும். என்டிஎஸ்சி தட்டில் அருமையாகக் காட்டும் பிளேயர் பால் தட்டில் சொதப்புவதற்கு இது ஒரு காரணம். உங்களிடம் இருப்பவை பெரும்பாலும் எந்த முறைத் தட்டுகள் என்று பாருங்கள், சோதனையை அந்தத் தட்டிலேயே செய்யுங்கள்.

வீடியோ கேமராவில் எடுத்த விளையாட்டு, கச்சேரி, வீட்டு நிகழ்ச்சிகள் இன்னும் கடினம். அங்கே ஒவ்வொரு ஃபீல்டும் தனித்தனிக் கணத்தில் பிடித்தது. ஒட்டினால் அசையும் பொருளெல்லாம் கிழியும். ஒட்டாமல் ஒவ்வொரு ஃபீல்டையும் தனியாக இழுத்துப் பெரிதாக்கினால் கிழியாது, ஆனால் பாதி நுணுக்கம் போய்விடும், மெல்லிய கிடைக்கோடுகள் நடுங்கும். நல்ல சிப் இரண்டையும் கலந்து செய்கிறது. புள்ளி புள்ளியாகப் பார்த்து, அசையாத இடத்தில் ஒட்டுகிறது, அசையும் இடத்தில் மட்டும் நிரப்புகிறது. நிரப்பும்போதும் நேர் மேலே, நேர் கீழே மட்டும் பார்க்காமல் விளிம்பு எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து அந்தத் திசையிலேயே நிரப்புகிறது. பரூஜா நிறுவனத்தின் டிசிடிஐ என்ற நுட்பம் புகழ்பெற்றது இதற்காகத்தான். சிலிக்கான் ஆப்டிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட எச்க்யூவி பெஞ்ச்மார்க் என்ற சோதனைத் தட்டில் சுழலும் கோடு, காற்றில் அசையும் கொடி, பார்வையாளர் மாடத்தைக் கடந்து பாயும் பந்தயக் கார் என்று காட்சிகள் வரும். பிளேயரோ டிவியோ எங்கே தவறும் என்று அறிந்து வைத்த பொறிகள் அவை.

இனி பெரிதாக்குவது. 480 வரியை 1080 ஆக்குவது 2.25 மடங்கு. பக்கத்து வரியை அப்படியே நகலெடுத்தால் நான்கு வரியில் மூன்று இரட்டிப்பாகும், ஒன்று மும்மடங்காகும், அப்போதுதான் ஒன்பது கணக்கு வரும். அதனால்தான் மட்டமான அப்ஸ்கேலிங்கில் எழுத்தின் கோடுகள் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் தெரியும். அடுத்த முறை, இரண்டு புள்ளிக்கு நடுவில் சராசரி போடுவது. ஒருபுறம் ஒளி அளவு 40, மறுபுறம் 200 என்றால் நடுவில் 120. படிக்கட்டு மறையும், ஆனால் ஓரம் மசமசவென்று ஆகும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தட்டில் இருக்கும் புள்ளி சிறு சதுரம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது வளைந்து வளைந்து போகும் ஓர் ஒளி அலையில் குறிப்பிட்ட இடத்தில் எடுத்த அளவு. அலை போதுமான அளவு மென்மையாக இருந்தால், அளந்த இடங்களை மட்டும் வைத்து இடைப்பட்ட எல்லா இடத்தின் மதிப்பையும் துல்லியமாகக் கணக்கிடலாம் என்று 1949இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் விளக்கினார். அந்தக் கணக்கை முழுமையாகப் போட எல்லையில்லாத அண்டைப் புள்ளிகள் தேவைப்படும். நடைமுறையில் நான்கு, ஆறு என்று அண்டைப் புள்ளிகளை எடுத்து, தூரத்துக்கு ஏற்ப எடை போட்டுச் சமாளிக்கிறார்கள். பைக்யூபிக், லான்சோஸ் என்ற பெயர்கள் இந்த எடை போடும் முறைகளுக்கு உரியவை. இரண்டாவது, ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் கார்னீலியஸ் லான்சோஸின் பெயர். நன்றாக நிரப்பிய அந்த ஐந்து புள்ளிகள் புதுத் தகவல் எதையும் சேர்க்கவில்லை, தட்டில் இருந்த அலையைச் சிதைக்காமல் வரைகின்றன.

இதற்கும் ஒரு விலை உண்டு. 40இலிருந்து 200க்குத் தாவும் விளிம்பில் இந்த எடை போடும் முறைகள் 40க்குச் சற்றுக் கீழேயும் 200க்குச் சற்று மேலேயும் போய்வரும். ஓரம் கூர்மையாகத் தெரியும், கூடவே வெள்ளை நிழல் ஒன்று சூழும். இதன் மேல் ‘ஷார்ப்னஸ்’ அளவை வேறு ஏற்றிவிட்டால் மனிதர்கள் காகிதத்தில் வெட்டி ஒட்டியவர்கள்போல் ஆகிவிடுவார்கள். காட்சிக்கு வைத்திருக்கும் டிவிகளில் அந்த அளவை உயர்த்தி வைத்திருப்பார்கள். வீட்டில் குறைத்துவிடுங்கள்.

அப்ஸ்கேலிங் முழுக்க முழுக்கக் கணக்கு என்பதற்கு, தட்டும் ஓட்டும் விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 3 நல்ல சாட்சி. 2006இல் வெளியானபோது அது டிவிடியைப் பெரிதாக்கித் தரவில்லை. 2007 மே மாதம் வந்த ஒரு மென்பொருள் புதுப்பிப்பு அந்தத் திறமையைக் கொடுத்தது. அதே கருவி, அதே தட்டு, வேறு படம்.

சரி, பிளேயரா டிவியா? பிளேயருக்கு ஒரு சலுகை உண்டு. எம்பெக்-2 தரவை நேரில் படிப்பது அதுதான். படம் எந்தெந்த 8 பெருக்கல் 8 கட்டங்களாகச் சுருக்கப்பட்டது, எது முழுப்படம் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். விரித்த படத்தை எச்டிஎம்ஐ கேபிளில் அனுப்பியதும் அந்தக் குறிப்புகள் மறைந்துவிடும், டிவி வெறும் படத்தை வைத்து ஊகிக்க வேண்டும். டிவிக்கு இருக்கும் பலம் சிப்பின் வலிமை. நல்ல டிவியில் இருக்கும் செயலி, மலிவான டிவிடி பிளேயரில் இருப்பதைவிடப் பல மடங்கு திறமையானது. என் கருத்தில், தரமான டிவி வைத்திருப்பவர் மலிவான அப்ஸ்கேலிங் டிவிடி பிளேயரால் பெரிதாக எதையும் அடையமாட்டார். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் புளூ-ரே பிளேயரே நல்லது. அதில் டிவிடியும் ஓடும், சிப்பும் பெரும்பாலும் நன்றாக இருக்கும், இனி வாங்கும் தட்டுக்கும் உதவும்.

எச்டிஎம்ஐ இல்லாத பிளேயரை இதற்காக வாங்க வேண்டாம். நகல் பாதுகாப்பு உள்ள தட்டுகளைப் பெரிதாக்கிய வடிவில் பழைய அனலாக் வகையான காம்பொனன்ட் கேபிள் வழியே அனுப்ப விதிகள் அனுமதிப்பதில்லை, 480 அல்லது 576 வரியோடு நின்றுவிடும். வெளியீட்டு அளவில் ‘1080ஐ’ (1080i) என்பதையும் தவிருங்கள். எண்ணுக்குப் பின்னால் வரும் ‘ஐ’ என்றால் வரிகளைப் பின்னிய அரைப்படம், ‘பி’ என்றால் முழுப்படம். பிளேயர் பாடுபட்டு முழுப்படமாக்கியதைத் திரும்பப் பாதியாகப் பிரித்து அனுப்பி, டிவி மறுபடி ஒட்டுகிறது. உங்கள் திரை 1366 பெருக்கல் 768 என்றால் எந்த வெளியீடும் அதோடு பொருந்தாது, இரண்டு முறை இழுபடும்.

நிறத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரண வீடியோவும் எச்டியும் நிறத்தைக் கணக்கிடும் சூத்திரம் வேறு வேறு. பெரிதாக்கும்போது சூத்திரத்தையும் மாற்றாத பிளேயரில் சிவப்பும் பச்சையும் சற்றுப் பிசகும், முகங்கள் வேறு நிறத்தில் தெரியும்.

தூரத்தையும் கணக்கில் சேருங்கள். நல்ல பார்வை ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். 40 அங்குலத் திரையின் உயரம் சுமார் 50 சென்டிமீட்டர். அதன் 1080 வரிகளைப் பிரித்துப் பார்க்க 1.6 மீட்டருக்குள் உட்கார வேண்டும். 480 வரிக்கு 3.6 மீட்டர் போதும். அதற்கும் பின்னால் உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் டிவிடிக்கும் எச்டிக்கும் கூர்மையில் வேறுபாடு ஏறத்தாழத் தெரியாது. நிறமும் சீப்புப் பல்லும் தெரியும்.

முழு எச்டியைப் போல் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே திரையில் ஒரு புள்ளி 24 ஆக வேண்டும். இப்போதைய டிவிகள் சில, நியூரல் நெட்வொர்க் கொண்டு இதைச் செய்கின்றன. லட்சக்கணக்கான படங்களைச் சிறிதாகவும் பெரிதாகவும் பார்த்துப் பழகி, இப்படிப்பட்ட ஓரத்துக்கு இப்படிப்பட்ட நுணுக்கம் இருக்கும் என்று ஊகிக்கும். கூரை ஓடு, புல்வெளி நன்றாக வரும். முகத்தில்தான் எனக்குச் சம்மதமில்லை, அந்த நடிகரிடம் இல்லாத தோலை அது போர்த்திவிடுகிறது.

எதை வாங்கினாலும் முதல் நாள் மாலை ஒரு சோதனை செய்யுங்கள். டிவியில் படத்தின் ஓரத்தை வெட்டும் ஓவர்ஸ்கேனை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பிளேயர் அனுப்பும் 1080 வரியை டிவி மறுபடி இழுத்துக் கெடுக்கும். பிறகு பிளேயர் வெளியீட்டை ‘480ஐ’ (480i) அல்லது ‘576ஐ’ (576i) என்று வைத்து எல்லா வேலையையும் டிவியிடம் விடுங்கள். அடுத்து 480பி அல்லது 576பி, இதில் ஒட்டுவது பிளேயர், பெரிதாக்குவது டிவி. கடைசியாக 1080பி. ஒவ்வொன்றிலும் அதே மூன்று காட்சிகள்: கேமரா மெதுவாக நகர, செங்கல் சுவரோ படிக்கட்டோ கடந்துபோகும் இடம், சாய்ந்த கம்பியோ கொடியோ அசையும் இடம், முடிவில் எழுத்துகள் மேலே உருளும் இடம். செங்கல் வரிகள் மினுக்கினால், கம்பி படிக்கட்டானால், எழுத்தின் ஓரம் சீப்பானால், அந்த வேலையை அந்தக் கருவியிடமிருந்து எடுத்து மற்றதிடம் கொடுத்துவிடுங்கள்.