ரூட்டர் ஏன் ஆளை உள்ளே விடுவதில்லை?

மொரீஷியஸில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் மழையில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் வேலை அப்படியே நின்றுவிடுமா? துறைமுகத்தை ஒட்டி சரக்கு கிளியரிங் செய்யும் ஒரு சின்ன அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். ஏழெட்டுப் பேர், மூலையில் ஒரு சர்வர், அதில் கணக்குகளும் ஸ்கேன் செய்த பில்களும். கணக்குப் பார்க்கும் அக்கா ரோஸ் ஹில்லில் தன் வீட்டிலிருந்து முதலாளிக்குப் போன் போடுகிறார். "அண்ணே, சர்வர் ஓடிக்கிட்டுதான் இருக்கு. நெட்டும் இருக்கு. என்னால உள்ளே போகத்தான் முடியல."

இதில் எதுவும் பழுதாகவில்லை. ரூட்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, அவ்வளவுதான்.

இணையத்தில் ஒவ்வொரு இணைப்பையும் அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. இன்றும் பெருவாரியாகப் புழங்கும் வகை 32 பிட் நீளமுள்ளது. கணக்குப் போட்டால் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள். இதை வகுத்த 1981இல் அது ஏராளம். ஆளுக்கொரு போன், வீட்டுக்கொரு டிவி, கேமரா என்று எல்லாமே இணையத்துக்கு வந்தபின் போதவில்லை. 2011 பிப்ரவரி 3 அன்று, உலகப் பொதுக் கையிருப்பில் மிச்சமிருந்த கடைசி ஐந்து தொகுதிகளையும் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்து முடித்தார்கள். அந்த ஐந்தில் ஒன்று நம் வாசலிலேயே இருக்கிறது. ஆப்பிரிக்கா முழுமைக்கும் இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்கும் முகவரி ஒதுக்கும் ஆஃப்ரிநிக் அமைப்பின் தலைமையகம் எபேன் சைபர்சிட்டியில்தான்.

முகவரிக்குத் தட்டுப்பாடு வரும் என்பது முன்பே தெரிந்ததால் 1994இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெயர் நேட், அதாவது முகவரி மாற்றம். அலுவலகத்துக்கு வெளி முகவரி ஒன்றே ஒன்று. உள்ளே இருக்கும் கருவிகளுக்கு 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் உள்முகவரிகள். இந்த உள்முகவரிகளை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். போர்ட் லூயிஸிலும் 192.168.1.20 இருக்கும், சென்னையிலும் இருக்கும். வெளி இணையத்தில் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

சரி, ஒரே வெளி முகவரியை வைத்துக்கொண்டு எட்டுப் பேர் எப்படி ஒரே நேரத்தில் பிரவுசரைத் திறக்கிறார்கள்? அங்கேதான் போர்ட் எண் வருகிறது. இணையத்தில் தகவல் பாக்கெட் எனும் சின்னத் துண்டுகளாகத்தான் போகிறது. பாக்கெட்டுகள் பெரும்பாலானவற்றில் முகவரியோடு ஒரு போர்ட் எண்ணும் இருக்கும், 0 முதல் 65535 வரை ஏதாவது ஒன்று. உள்ளே 192.168.1.35 என்ற லேப்டாப் தன் 51514ஆம் போர்ட்டிலிருந்து ஒரு வங்கித் தளத்தின் 443ஆம் போர்ட்டுக்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறது. ரூட்டர் அதை நிறுத்தி, அனுப்புநர் இடத்தில் இருக்கும் உள்முகவரியை அழித்துவிட்டுத் தன் வெளி முகவரியை எழுதுகிறது. போர்ட்டையும் தேவைப்பட்டால் 40021 என்று மாற்றுகிறது. அப்புறம், அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் வாட்ச்மேன் நோட்டில் குறித்து வைப்பதைப் போல ஒரு வரி எழுதிக்கொள்கிறது: 40021க்கு வங்கியிடமிருந்து பதில் வந்தால் 192.168.1.35இன் 51514க்குக் கொடு. பதில் வரும்போது நோட்டைப் பார்க்கிறது, பெறுநர் முகவரியை மாற்றுகிறது, உள்ளே விடுகிறது. இத்தனையும் ஒரு மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். பேச்சு ஓய்ந்து கொஞ்ச நேரம் ஆனால் அந்த வரியை அடித்துவிடும்.

இப்போது அக்காவின் லேப்டாப் வெளியிலிருந்து தானாக வந்து தட்டுகிறது. உள்ளிருந்து யாரும் அதை அழைக்கவில்லை. நோட்டில் வரி இல்லை. உள்ளே இருக்கும் எட்டுக் கருவிகளில் யாருக்குக் கொடுப்பது என்று ரூட்டருக்குத் தெரியாது, தூக்கிப் போட்டுவிடுகிறது. இதற்கு வழிதான் போர்ட் ஃபார்வர்டிங். அது வேறொன்றுமில்லை, அந்த நோட்டில் அழியாத ஒரு வரியை நாமே முன்கூட்டி எழுதி வைப்பதுதான். 'வெளியிலிருந்து இந்த எண்ணுக்கு யார் வந்தாலும் இந்த உள்முகவரிக்கு அனுப்பு.'

எழுதும் வேலை சுலபம். ஆனால் அதற்கு முன் சர்வரின் உள்முகவரியை நிலையாக்க வேண்டும். ரூட்டர் தன் கருவிகளுக்கு உள்முகவரியை வாடகைக்கு விடுவதுபோலத்தான் கொடுக்கிறது. மின்வெட்டுக்குப் பிறகு, கடைசி எண் 20 என்று இருந்த சர்வர் 27 ஆகிவிட்டால், நாம் எழுதிய வரி யாரோ ஒருவருடைய பிரின்டரைக் காட்டும். டிஎச்சிபி ரிசர்வேஷன் என்ற செட்டிங்கில் சர்வரின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணைக் கொடுத்து 20ஐ அதற்கே ஒதுக்கிவிடலாம். பிறகு போர்ட் ஃபார்வர்டிங் பக்கம். சில ரூட்டர்களில் அதற்கு விர்ச்சுவல் சர்வர் என்று பெயர். அங்கே கேட்பது நான்குதான்: வெளிப் போர்ட், உள்முகவரி, உள்போர்ட், டிசிபியா யுடிபியா. டிசிபி, யுடிபி இரண்டும் பாக்கெட் அனுப்பும் இரு வேறு முறைகள். கடைசியாகக் கேட்கும் இதை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். டிசிபி என்று எழுதிய வரி யுடிபி பாக்கெட்டுக்குப் பொருந்தாது. சர்வரிலேயே ஓடும் ஃபயர்வால் எனும் காவல் நிரலிலும் அதே போர்ட்டுக்கு அனுமதி வேண்டும், இல்லையென்றால் கேட்டைத் தாண்டி வந்தவர் வீட்டு வாசலில் நிற்பார்.

சோதிக்கும்போது ஒரு கண்ணி உண்டு. அலுவலக வைஃபையில் உட்கார்ந்துகொண்டு அலுவலகத்தின் வெளி முகவரியைத் தட்டினால் பல ரூட்டர்கள் குழம்பிவிடும். வரி சரியாகவே இருக்கும், ஆனாலும் வேலை செய்யாததுபோல் தெரியும். போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

எல்லாம் சரியாக எழுதியும் வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் நம் ரூட்டரில் இல்லை. ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வான் (WAN) முகவரி என்று ஒன்று இருக்கும், ரூட்டர் வெளிப்பக்கம் வைத்திருக்கும் முகவரி அது. 'என் ஐபி என்ன' என்று காட்டும் தளம் ஏதாவது ஒன்றில் தெரியும் முகவரியோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் கவலையில்லை. வேறாக இருந்தால் நமக்கும் இணையத்துக்கும் நடுவில் இன்னொரு நேட் உட்கார்ந்திருக்கிறது. ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் நாமே வாங்கி மாட்டிய இரண்டாவது ரூட்டர் காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் இரண்டிலும் வரி எழுத வேண்டும், அல்லது ஒன்றை, முகவரி மாற்றாமல் அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்ற வேண்டும். வான் முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் கதை வேறு. 2012இல் இணைப்பு நிறுவனங்களுக்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் நிறுவனம் அடைத்திருக்கிறது என்று பொருள். மொபைல் சிம் போட்ட ரூட்டர்களில் இது சர்வசாதாரணம். அந்த நோட்டு நிறுவனத்தின் கையில், அதில் நம்மால் எழுத முடியாது. நிலையான வெளி முகவரி கேட்டுக் கூடுதல் கட்டணம் கட்டுவதுதான் நேர்வழி.

வெளி முகவரி நம்முடையதே என்றாலும் அது மாறக்கூடியதாக இருக்கலாம். புயலில் கரண்ட் போய் வந்து ரூட்டர் மறுபடி எழுந்தால் புது எண் கிடைக்கலாம். டைனமிக் டிஎன்எஸ் சேவை இதற்காகவே இருக்கிறது. ரூட்டர் தன் புது எண்ணை அவ்வப்போது அந்தச் சேவைக்குச் சொல்லும். அக்கா எண்ணை மறந்துவிட்டு ஒரு பெயரை மட்டும் தட்டினால் போதும்.

இனி, எந்தப் போர்ட்டைத் திறப்பது என்ற கேள்வி. எனக்கு இதில் கறாரான கருத்து உண்டு. விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389, கோப்புப் பகிர்வின் 445, டேட்டாபேஸின் 3306 எதையும் இணையத்துக்கு நேராகத் திறக்கக் கூடாது. "நம்ம சின்ன ஆபீஸை யாருக்குத் தெரியும்" என்பார்கள். யாருக்கும் தெரிய வேண்டியதே இல்லை. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, ஒரு ஜிகாபிட் இணைப்பில் ஒரே கணினியை வைத்து, உலகின் 32 பிட் முகவரி வெளி முழுவதையும் 45 நிமிடத்துக்குள் ஒரு போர்ட்டுக்குத் தட்டிப் பார்த்துவிட்டது. நீங்கள் திறந்த போர்ட்டை அன்றைக்கே எவனோ ஒருவனின் நிரல் தட்டியிருக்கும். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை நிரல் உலகைச் சுற்றியது திறந்து கிடந்த 445 வழியாகத்தான். 3389ஐ 33890 என்று மாற்றி வைத்தால் தட்டுகிறவர்கள் கொஞ்சம் குறைவார்கள், ஒழிய மாட்டார்கள்.

திறப்பதென்றால் ஒன்றே ஒன்று, விபிஎன்னுக்கான போர்ட். விபிஎன் என்பது வெளியிலிருந்து அலுவலகத்துக்குள் போக, பூட்டிய ஒரு தனிவழி. வயர்கார்டு என்ற விபிஎன் நிரல் என்றால் வழக்கமாக யுடிபி 51820. அதில் எனக்குப் பிடித்த குணம், அது பேசாமல் இருப்பது. சரியான சாவியால் முத்திரையிடாத பாக்கெட் வந்தால் 'இல்லை' என்றுகூடச் சொல்லாது. தட்டிப் பார்க்கும் நிரலுக்கு அங்கே ஏதாவது இருக்கிறதா என்றே தெரியாது. அக்கா லேப்டாப்பில் விபிஎன்னைப் போட்டதும் அது அலுவலகத்துக்குள் இருப்பதுபோல் ஆகிவிடும். கணக்கு, பில், பிரின்டர் எல்லாம் வழக்கமான உள்முகவரியிலேயே கிடைக்கும். சர்வர் எத்தனை சேவை ஓட்டினாலும் நோட்டில் வரி ஒன்றுதான்.

ரூட்டரின் செட்டிங்கில் இருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். யுபிஎன்பி என்ற வசதி திறந்திருந்தால், உள்ளே இருக்கும் எந்தக் கருவியும் நம்மைக் கேட்காமல் தானே நோட்டில் வரி எழுதிக்கொள்ளும். அலுவலகத்தில் அதை அணைத்து வைப்பதே நல்லது. பழைய வரிகளின் பட்டியலையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கழற்றிப் போட்ட சிசிடிவி பெட்டிக்காக எப்போதோ எழுதிய வரி இன்னும் இருக்கக்கூடும். அந்த உள்முகவரி இன்று யாரிடம் இருக்கிறதோ, வெளி உலகம் இப்போது அவரைத்தான் தட்டிக்கொண்டிருக்கும்.